கணினியில் ஒரு மேசை மாற்றம்

2025ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே கிடைத்த நேரத்தில், என் வீட்டுக் கணினியின் முகத்தை நான் மாற்றினேன். கணினியை மாற்றவில்லை. அதை நடத்துகின்ற லினக்ஸ் என்னும் இயங்குதளத்தையும் மாற்றவில்லை. பத்து ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கடிதங்களும் புகைப்படங்களும் பாட்டுகளும் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தன. ஆயினும், மாலையில் வழக்கம்போல் தமிழ்ச் செய்தித்தாள் படிக்க அதன் முன் வந்து அமர்ந்த என் தாயார், சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனப்பா, இது நம் வீட்டுக் கணினிதானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்லப் புகுந்தால் அது ஒரு பேச்சின் அளவுக்கு நீண்டுவிடும். அன்று அம்மாவிடம் சொல்ல இயலாமற் போனதை இன்று நேயர்களிடம் சொல்ல முற்படுகிறேன். நான் கணினிக் கல்வி பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். ஆகவே, பிறர் எழுதியதை வேறு மொழியில் எடுத்துச் சொல்லுகின்ற பழக்கத்தோடுதான் இந்த விஷயத்தையும் சொல்லப்போகிறேன்.

விண்டோஸ் கணினியில் பழகியவர்களுக்கு முகம் வேறு, உடல் வேறு என்னும் எண்ணமே எழுவதில்லை. அதை ஆக்கிய நிறுவனம் எந்த முகத்தைக் கொடுக்கிறதோ அதுவே முகம். லினக்ஸில் நிலைமை வேறு. அடியில் இருப்பது கெர்னல் என்னும் கரு. பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியது இது. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, விசைப்பலகையைக் கவனிப்பது ஆகிய காரியங்கள் அதன் பொறுப்பு. அதன் மேல் திரையில் படம் வரைகின்ற அடுக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்தில் 1984இல் பிறந்த எக்ஸ் சாளர முறை நெடுங்காலம் இந்த வேலையைச் செய்து வந்தது. வேலேண்ட் என்னும் புதிய முறை இப்போது அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. இவை யாவற்றுக்கும் மேலே, நம் கண் காண்பதும் கை தொடுவதுமாகிய அடுக்கு இருக்கிறது. சாளரங்களுக்குச் சட்டம் இடுவது, மூடும் பொத்தானை எந்தப் பக்கம் வைப்பது என்று தீர்மானிப்பது, நிரல்களின் பட்டியலைக் காட்டுவது, கோப்புகளைத் திறந்து காட்டுவது, கடிகாரத்தை ஒரு மூலையில் நிறுத்துவது ஆகிய இத்தனையும் சேர்ந்த தொகுதிக்கே டெஸ்க்டாப் சூழல் என்று பெயர். லினக்ஸில் இந்த மேல் அடுக்கை மட்டும் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் என்னும் சொல்லுக்குத் தமிழில் மேசைத்தளம், பணிமேடை, மேல்மேசை என்று பலவாறாக வழங்கக் காண்கிறேன். ஒவ்வொரு சூழலையும் தமிழாக்கும் தொண்டர் குழு வேறு வேறாக இருப்பதே இதற்குக் காரணம். ஆகையால் ஒரு சூழலை விட்டு மற்றொன்றுக்குப் போகிறவன், அங்கே பொத்தான்கள் மட்டுமன்றித் தமிழும் சிறிது மாறியிருக்கக் காண்பான். என் தொழிற்புத்தி இதில் குறை காணத் துடித்தது உண்மை. ஆனால், ஊதியம் ஏதுமின்றி ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பெயர்த்தவர்கள் அவர்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இந்தப் பேச்சில் மேசை என்றே சொல்லி வருகிறேன்.

இந்த மேசைகள் ஏன் ஒன்றுக்கு மேற்பட்டன? காலத்தால் முந்தியது கே.டி.இ. ஜெர்மனியில் மாணவராயிருந்த மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபரில் இதைத் தொடங்கினார். அக்காலத்து யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு தோற்றத்தோடும் ஒவ்வொரு நடத்தையோடும் இருந்தது. சாதாரண மனிதர்கள் பயன்படுத்தும்படி எல்லாவற்றையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்கு அவர் துணைக்கொண்ட கியூட்டி என்னும் நிரல் தொகுப்பு நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு உரியது. அதன் உரிமம் அப்போது முழுச் சுதந்திரம் தருவதாக இல்லை. சுதந்திர மென்பொருள் என்னும் கொள்கையில் உறுதியாக நின்றவர்களுக்கு இது பொறுக்கவில்லை. மெக்ஸிகோ நாட்டைச் சேர்ந்த மிகேல் தெ இகாசா, ஃபெடரிகோ மேனா ஆகிய இருவரும் 1997 ஆகஸ்டில் க்னோம் என்னும் மற்றொரு மேசையை அறிவித்தார்கள். பின்னர் 2000ஆம் ஆண்டில் கியூட்டியும் சுதந்திர உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. பிணக்கின் காரணம் நீங்கிற்று. பிரிந்த குடும்பங்கள் மட்டும் பிரிந்தே தங்கிவிட்டன.

அதே 1996இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒலிவியே ஃபூர்தான் தொடங்கியது எக்ஸ்.எஃப்.சி.இ. என்பது. அதற்கு ஆடம்பரம் ஒருபோதும் இருந்ததில்லை. அதன் புதிய பதிப்புகளும் நிதானமாகவே வருவன, 4.12ஆம் பதிப்பு 2015இலும் அதற்கு அடுத்ததாகிய 4.14ஆம் பதிப்பு 2019இலும் வெளிவந்தன என்றால் அதன் சுபாவம் விளங்கும். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் மேசை அதுவே.

மேசை மாற்றம் என்பது ஏதோ என்னைப் போன்ற சிலருடைய பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. பல சமயங்களில் மனிதர்கள் மேசையை மாற்றுவதில்லை. மேசைதான் அவர்களுக்குக் கீழே மாறிவிடுகிறது. 2008 ஜனவரியில் கே.டி.இ. தன் 4.0 பதிப்பை வெளியிட்டபோது, பழைய பதிப்பில் இருந்த பல வசதிகள் அதில் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. பலர் வெறுத்து வேறிடம் சென்றார்கள். டோர்வால்ட்ஸே அவ்வாறு க்னோமுக்குச் சென்றவர்களுள் ஒருவர். 2011 ஏப்ரலில் க்னோமுக்கும் அதே கதி வந்தது. 2002 முதல் பழகியிருந்த இரண்டாம் பதிப்பை விடுத்து மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. திறந்திருக்கும் சாளரங்களின் பெயர்களைத் தாங்கிக் கீழே கிடந்த பட்டை போயிற்று. சாளரத்தைச் சுருக்கி ஒதுக்கும் பொத்தான் போயிற்று. மேசைமீது கோப்புகளைப் பரப்பி வைக்கும் பழக்கத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. ஆக்கியவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. திரையின் பரப்பை வேலைக்கே விட்டுவிட வேண்டும், கவனம் சிதறலாகாது என்பது அவர்கள் கருத்து. ஆனால் எட்டு, ஒன்பது ஆண்டுகளாக ஓரிடத்துக்குச் சென்று பழகிய கைக்கு இந்த நியாயத்தை எவ்வாறு எடுத்துச் சொல்வது? டோர்வால்ட்ஸ் அந்த ஆண்டு எக்ஸ்.எஃப்.சி.இ. மேசைக்குப் பெயர்ந்தார். கருவை எழுதியவருக்கே மேசை மாற்றம் நேர்ந்தது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். சில காலத்துக்குப் பின் அவர் க்னோமுக்கே திரும்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறு சிலர் வெறுமனே வெளியேறுவதோடு நிற்கவில்லை. அர்ஜென்டினா நாட்டுப் பயனர் ஒருவர், கைவிடப்பட்ட பழைய க்னோமின் மூல நிரலை எடுத்து, அதையே வேறு பெயரில் தொடர்ந்து நடத்த முற்பட்டார். தென் அமெரிக்காவில் தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கும் மூலிகை ஒன்றின் பெயரை அதற்கு இட்டு, மாத்தே என்றார். லினக்ஸ் மின்ட் என்னும் வெளியீட்டை நடத்துபவர்களோ, புதிய க்னோமின் அடித்தளத்தை வைத்துக்கொண்டே பழைய தோற்றத்தை அதன் மேல் கட்டி, அதற்கு இலவங்கப்பட்டையின் பெயரைச் சூட்டினார்கள். சின்னமன் என்பது அது. இரண்டும் இன்றளவும் உயிரோடு இருக்கின்றன. பழக்கத்தை இழக்க மறுத்தவர்கள் தம் பழக்கத்தைத் தாமே பராமரித்துக்கொண்ட காட்சி இது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததனால்தான் இது முடிந்தது.

அந்த 2011 ஏப்ரலிலேயே, லினக்ஸ் வெளியீடுகளில் பெரிதும் பரவியிருந்த உபுண்டு, யூனிட்டி என்னும் தன் சொந்த மேசையைப் பயனர்களுக்கு வழங்கிற்று. இடப்பக்கத்தில் நெடுக்காக ஒரு பட்டை, அதில் வரிசையாகச் சின்னங்கள் என்பது அதன் அடையாளம். முதலில் அதையும் ஏசினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2017இல், அதை நிறுத்திவிட்டு க்னோமுக்கே திரும்புவதாக உபுண்டு அறிவித்தபோது, அதற்கும் வருந்தினார்கள். ஆனால் உபுண்டு ஒரு புத்திசாலித்தனம் செய்தது. மேசை மாறினாலும் அந்த இடப்பக்கப் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டது. என் தாயார் டில்லிக்கு எங்களோடு வசிக்க வந்து கணினி பழகியது அந்தப் பட்டையில்தான். மேலிருந்து முதலாவது செய்தித்தாள், இரண்டாவது திருச்சியில் இருக்கும் என் தங்கையோடு முகம் பார்த்துப் பேசுவது, மூன்றாவது பாட்டு, நான்காவது பேரப்பிள்ளைகளின் படங்கள். அவருக்குக் கணினி என்றால் இந்த நான்கு இடங்கள்.

இனி, நான் ஏன் மாற்றினேன் என்பது. என் மடிக்கணினி 2014இல் வாங்கியது. நினைவகம் 4 ஜிகாபைட், அதற்குமேல் கூட்ட இடமில்லை. க்னோம் தன் அழகுகளோடு எழுந்து நின்று, நான் ஒரு நிரலும் திறவாதிருக்கையிலேயே ஏறத்தாழ 1,300 மெகாபைட் நினைவகம் செலவாகியிருக்கக் கண்டேன். எக்ஸ்.எஃப்.சி.இ. மேசையில் அது 800க்குக் கீழ் இருந்தது. மிச்சம் அரை ஜிகாபைட். இது பெரிய தொகையா என்றால், உலாவியில் நான்கைந்து பக்கங்கள் திறந்தால் அத்தனையும் கரைந்துவிடும். ஆனால் நினைவகம் நிரம்பிய பின் கணினி வட்டில் எழுதியும் வட்டிலிருந்து எடுத்தும் காலந்தள்ள வேண்டியிருக்கிறது. அப்போதுதான் சுட்டி நகரக்கூட யோசிக்கிறது. அந்த எல்லையை எட்டாமல் தடுக்க அரை ஜிகாபைட் உதவும். உண்மையைச் சொன்னால், சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் வட்டைப் பொருத்தினால் மேசை மாற்றத்தைவிட மிகுந்த பயன் கிடைக்கும். அதையும் பின்னர் செய்தேன். செலவில்லாத வைத்தியத்தை முதலில் பார்ப்பது உத்தியோகஸ்தன் இயல்பு.

மாற்றுகின்ற காரியம் எளிது. மென்பொருள் தொகுப்பைப் பெயர் சொல்லி நிறுவச் சொன்னால், சில நூறு மெகாபைட் இறங்கித் தானாகவே அமைந்துவிடுகிறது. இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: நுழைவுத் திரையை யார் நடத்துவது, ஜி.டி.எம். என்பதா, லைட்.டி.எம். என்பதா? புதியவர்கள் இங்கே அஞ்சி நின்றுவிடுகிறார்கள். இரண்டும் வாயிற்காப்போர்; எவரைத் தேர்ந்தாலும் உள்ளே போகலாம். பின்பு கணினியிலிருந்து வெளியேறி, கடவுச்சொல் கேட்கும் திரையில் பற்சக்கரம் போன்ற சிறு சின்னத்தை அழுத்தினால், எந்த மேசை வேண்டும் என்று பட்டியல் காட்டும். வேண்டியதைச் சுட்டிவிட்டு உள்ளே செல்ல வேண்டியதே. பழைய மேசை எங்கும் போய்விடவில்லை. அதே பட்டியலில் காத்திருக்கிறது. என்ன காரணத்தாலோ பலரும் புதியது வந்த அன்றே பழையதை நீக்கிவிடத் துடிக்கிறார்கள். அவ்வாறு செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். ஒரு மேசையின் பகுதிகளை நீக்கும்போது மற்றதற்கு வேண்டியதும் சேர்ந்து போய்விடுவதுண்டு. அதுவுமன்றி, பழைய மேசை இருந்தமையாலேயே நான் அன்றிரவு தப்பினேன்.

மறுநாட் காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் இருந்தது. அலுவலகக் காரியம் அன்று. ஒரு மலருக்காக ஒப்புக்கொண்டது. பத்துப் பக்கங்களில் எட்டு முடிந்திருந்தன. இரவு உணவுக்குப் பின், புதிய மேசையின் விரைவை மெச்சிக்கொண்டே கோப்பைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினேன். 'அம்மா' என்று தட்டினேன். திரையில் ஏ, கே, கே, கியூ என்று நான்கு ஆங்கில எழுத்துகள் நின்றன. மொழி மாற்றும் விசையை அழுத்தினேன், மாறவில்லை. மணி பத்தரை.

இதன் காரணம் அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழ் எழுதுகிறவர்கள் மேசை மாறுமுன் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது இது. தமிழ் விசைப்பலகைகள் கணினியின் கண்ணுக்கு இரண்டு சாதியாக இருக்கின்றன. மத்திய அரசு தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் முறையில் ஒரு விசைக்கு ஒரு குறி. ஆகார உயிர்க்குறிக்குத் தனி விசை, புள்ளிக்குத் தனி விசை. இதற்கு ஒரு பட்டியல் போதும். இன்ன விசை அழுத்தினால் இன்ன எழுத்து என்னும் அப்பட்டியல், மேசைக்கும் கீழே உள்ள அடுக்கில் இருக்கிறது. மேசை எதுவாயினும் அது வேலை செய்யும். தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 முறை அவ்வாறானதன்று. அதில் ககரத்தை அழுத்திப் பின் ஆ என்னும் உயிரை அழுத்தினால் 'கா' பிறக்க வேண்டும். மகரத்தை இருமுறை அழுத்தினால் முதல் மகரத்தின் தலையில் தானாகவே புள்ளி விழ வேண்டும். முன்பு என்ன அழுத்தினோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப எழுத்தைத் திருத்தித் தருகின்ற ஓர் இடையாள் இதற்குத் தேவை. ஐபஸ் என்பது அத்தகைய ஓர் இடையாள். எஃப்சிடிக்ஸ் என்பது மற்றொன்று. க்னோம் மேசை ஐபஸைத் தன் வீட்டு மனிதனாகவே வைத்துக்கொண்டு, நாம் கேளாமலே அழைத்து நிறுத்திவிடுகிறது. எக்ஸ்.எஃப்.சி.இ. மேசையில் அவனை நாமே அழைக்க வேண்டும். அலுவலகத்தில் இன்ஸ்கிரிப்டும் வீட்டில் தமிழ் 99உம் எழுதும் என் இரட்டை வாழ்க்கையில், அன்றிரவு வீட்டு வழக்கம் என்னைக் கைவிட்டது.

நிதானமாகத் தேட நேரமில்லை. வெளியேறினேன், பற்சக்கரத்தை அழுத்திப் பழைய க்னோமைத் தேர்ந்தேன், உள்ளே சென்றேன். கோப்பு அதே இடத்தில் இருந்தது. தமிழும் இருந்தது. ஒன்றரை மணிக்கு வேலையை முடித்து அனுப்பிவிட்டு உறங்கினேன். மறுவாரம் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்தபோது காரியம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. இம்-கான்ஃபிக் என்னும் சிறு நிரலை நடத்தி, இடையாளாக ஐபஸே வேண்டும் என்று தேர்ந்து, ஒருமுறை வெளியேறித் திரும்ப வேண்டும். அதன் பின்னும் தமிழ் வாராவிட்டால் திகைக்க வேண்டாம். க்னோமில் சேர்த்த மொழிப் பட்டியல் க்னோமின் சொந்தப் பட்டியல். ஐபஸின் விருப்பப் பட்டியலில் தமிழ் 99ஐ மறுபடியும் ஒருமுறை சேர்க்க வேண்டும். அவ்வளவே.

கே.டி.இ. மேசையின் இன்றைய வடிவத்துக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதன் ஆறாம் பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அதையும் ஒரு வாரம் குடியிருந்து பார்த்தேன். எதையும் நம் மனம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கச் செய்வது அதன் ஆபத்து. வேலேண்ட் முறையில் நடக்கும் பிளாஸ்மாவில் தமிழுக்குரிய இடையாளை எங்கே தேர்வது என்று நெடுநேரம் தேடினேன். அமைப்புகளில் 'மெய்நிகர் விசைப்பலகை' என்னும் தலைப்பின் கீழே அது ஒளிந்திருந்தது. கண்முன் மெய்யான விசைப்பலகை இருக்கும்போது எவர் அந்தத் தலைப்பைத் திறந்து பார்ப்பார்? இது மொழிபெயர்ப்பின் பிழையன்று. மூலத்திலேயே உள்ள விநோதம்.

பிளாஸ்மாவில் மற்றோர் அதிர்ச்சியும் எனக்குக் காத்திருந்தது. குரோம் வகை உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் யாவும் மறைந்தாற்போல் தோன்றின. அவை அழியவில்லை. அவற்றைப் பூட்டும் சாவியை அந்த உலாவி மேசையின் சாவிப்பெட்டியில் வைக்கிறது. க்னோமின் சாவிப்பெட்டி வேறு, கே.டி.இ.யின் பெட்டி வேறு. பழைய மேசைக்குத் திரும்பினால் பழைய சாவி கிடைத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. மேலும், ஒரே பயனர் கணக்கில் இரண்டு மூன்று மேசைகளைப் பழகினால், ஒன்றின் எழுத்துருவும் வண்ணமும் சில சமயம் மற்றதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பட்டியலில் கோப்பு மேலாளர் இரண்டு, உரை எழுதி இரண்டு என்று இரட்டைப் பிள்ளைகள் தோன்றுகின்றன. சோதனைக்கென்று தனியே ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதில் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு நம் கணக்குக்குக் கொண்டுவருவதே நல்ல வழி. நான் அதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் சுழிகள் மிகுதி. எழுத்து சிறுத்தால் 'ண' எது, 'ன' எது என்றும், குறிலின் கொக்கி எது, நெடிலின் சுழி எது என்றும் தடுமாற வேண்டியிருக்கிறது. க்னோமில் திரை முழுவதையும் ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை மடங்கு என்று பெருக்க வசதி உண்டு. எக்ஸ்.எஃப்.சி.இ. இதில் சற்றுப் பின்தங்கியதே. ஆனால் எழுத்துருப் பகுதியில் அங்குலத்துக்கு 96 புள்ளி என்றிருப்பதை 120 என்று மாற்றிவிட்டால் எழுத்துகள் மட்டும் பெருத்து நிற்கும். எனக்கு அது போதுமாயிருக்கிறது. பார்வையற்றவர்களின் நிலை இதனினும் முக்கியமானது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஓர்க்கா என்னும் நிரல் க்னோம் திட்டத்தின் குழந்தை. இ-ஸ்பீக் என்னும் குரல் நிரலின் துணையோடு அது தமிழையும் படிக்கும். அதை நம்பி வாழ்பவர்கள் வேகத்தை மட்டும் கருதி மேசை மாறலாகாது. புதிய மேசையின் ஒவ்வொரு பட்டியலையும் ஓர்க்கா படிக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். அலுவலகங்களில் ஒரே ஆணையால் நூறு கணினிகளை மாற்றுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வார்களா என்பது என் கவலை.

விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்கமாட்டாத பழைய கணினியைக் கையில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கம் வருகிறவர்களை என் நண்பர்களிடையேயும் பார்க்கிறேன். எது சிறந்த மேசை என்பதே அவர்களுடைய முதற்கேள்வி. அந்தக் கணினியில் வேறு யார் யார் வேலை செய்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்காக எக்ஸ்.எஃப்.சி.இ. மேசையின் பட்டையைக் கீழிருந்து இடப்பக்கம் கொண்டுசென்று நெடுக்காக நிறுத்தினேன். நான்கு சின்னங்களையும் பழைய வரிசையிலேயே வைத்தேன். சின்னங்களின் அளவைக்கூடப் பெரிதாக்கினேன். மூன்று நாட்கள் அவர் ஒன்றும் சொல்லாமல் பழகிப் பார்த்தார். நான்காம் நாள், "பட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் தங்கையிடம் பேசி முடித்தால் திரும்பி வருகிற வழி தெரியவில்லை. எனக்குப் பழையதையே கொடுத்துவிடு" என்றார்.

"அது மெதுவாக வருமே, அம்மா."

"மெதுவாக வந்தால் என்ன? எனக்கு என்ன ரயிலா போய்விடும்? வைத்த இடத்தில் இருக்கிறதே, அது போதும்."

அவருக்கென்று தனியே ஒரு பயனர் கணக்கைத் திறந்தேன். நுழைவுத் திரை ஒவ்வொருவரும் கடைசியாகத் தேர்ந்த மேசையை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே அவர் தம் பெயரைத் தொட்டால் க்னோமும் நான் என் பெயரைத் தொட்டால் எக்ஸ்.எஃப்.சி.இ. மேசையும் வருகின்றன. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் 4 ஜிகாபைட் தாங்காது என்பதால், நான் எழுந்திருக்கும்போது முற்றிலும் வெளியேறிவிட்டே எழுந்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு அம்மா வந்து அமர்கிறார். க்னோம் எழுந்து வருவதற்குள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடைவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொள்கிறார். நிமிர்ந்து பார்க்கும்போது இடப்பக்கப் பட்டை வந்திருக்கிறது.